பாதி வானம் தைத்திருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ தைத்துக்கொண்டிருக்கும் குறுக்குத் தையல் (கிராஸ் ஸ்டிச்) வேலையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் முழுதாக எழும்பிவிட்டது. பாறைகளும் பாதிக்கு மேல் வந்துவிட்டன. வானம்தான் உன்னைப் படுத்துகிறது என்று புரிகிறது. “எவ்வளவு தைத்தாலும் நகரவே மாட்டேன் என்கிறது அம்மா, இதை மூட்டை கட்டி வைத்துவிட்டு வேறு பூத்தையல் ஏதாவது கற்றுக்கொள்ளட்டுமா?” என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகக் கற்றுக்கொள். ஆனால் இதை மூட்டை கட்டாதே. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உன் வரைபடம் அகலத்தில் 200 கட்டம், உயரத்தில் 250 கட்டம். பெருக்கினால் 50,000. கட்டத்துக்குப் பெருக்கல் குறி மாதிரி ஒரு குறுக்குத் தையல் என்றால் 50,000 பெருக்கல் குறிகள். நிதானமாகத் தைக்கும் கை மணிக்கு நூறு போடும் என்று வைத்துக்கொண்டால் 500 மணி நேரம் ஆகும். வேலைக்குப் போய்வந்து, தினமும் தவறாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒரு வருடத்தைத் தாண்டி நாலரை மாதம் போகும். தவறாமல் உட்காருகிறவர் யார்? ஆக, உன் கை மெதுவும் இல்லை, நீ சோம்பேறியும் இல்லை. எடுத்துக்கொண்ட வேலை அவ்வளவு பெரியது. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள ஐடா துணியில் இது ஏறத்தாழ 14 அங்குல அகலமும் 18 அங்குல உயரமும் வரும். பார்வைக்கு ஒரு சின்ன ஜன்னல் கதவு அளவுதான். அந்த அளவுதான் நம்மை ஏமாற்றுகிறது, உள்ளே இருக்கும் எண்ணிக்கை கண்ணில் படுவதில்லை.

அதனால் முழுப் படத்தையும் பார்த்துப் பெருமூச்சு விடுவதை நிறுத்து. வரைபடத்தில் பத்துக் கட்டத்துக்கு ஒரு தடித்த கோடு போட்டிருப்பது சும்மா இல்லை. பத்துக்குப் பத்து, ஒரு சதுரத்தில் நூறு தையல். துணியிலும் அதே இடங்களில் மெல்லிய ஒற்றை நூலை ஓட்டி வைத்துக்கொள், முடிந்ததும் உருவிவிடலாம். எண்ணிக்கை தப்பினால் அந்தச் சதுரத்தோடு போகும், பத்து வரிசை தள்ளிப் போய்க் கண்டுபிடித்து அழ வேண்டியதில்லை. துணியில் அழியும் பேனாவால் கோடு போடலாம் என்பார்கள். போடலாம், ஆனால் துவைக்காமல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் சில மைகள் அப்படியே தங்கிவிடும். எனக்கு நூல்தான் சரி.

வானம் ஏன் நகரவில்லை என்றும் உன் படத்திலேயே தெரிகிறது. கலங்கரை விளக்கத்தில் வெள்ளை என்றால் வரிசையாக வெள்ளை, சிவப்பு என்றால் வரிசையாகச் சிவப்பு, ஒரே மூச்சில் போட்டுக்கொண்டு போகலாம். வானத்தில் இந்தக் கட்டம் ஒரு நீலம், பக்கத்துக் கட்டம் வேறொரு நீலம், அதற்கடுத்தது சாம்பல். ஒவ்வொரு நிறத்துக்கும் ஊசி கோத்து, முனையைப் பின்னால் செருகி, வெட்டி, மறுபடி கோத்து என்று நேரமெல்லாம் அதிலேயே போகிறது. இதற்கு வழி, நிறத்துக்கு ஓர் ஊசி என்று நாலைந்து ஊசிகளைக் கோத்து வைத்துக்கொள்வது. ஒரு நிறம் இந்தச் சதுரத்தில் முடிந்ததும் வெட்டாதே. அடுத்து அந்த நிறம் எந்தக் கட்டத்தில் வருகிறதோ, அதன் மூலையில் ஊசியை மேலே கொண்டுவந்து நூலை ஓரமாக விட்டு வை. உன் கை அந்தக் கட்டத்துக்கு வரும்போது நூல் அங்கே காத்திருக்கும். முதல் நாள் துணி முழுவதும் நூல்கள் தொங்கிக்கொண்டு சிலந்தி வலை மாதிரி பயமுறுத்தும், பிறகு பழகிவிடும். அதுவும் அலுத்தால் அன்றைக்குப் பாறைப் பக்கம் போய் ஒரே நிறமாக இருக்கும் இடத்தைத் தை. மேலிருந்து கீழாகத்தான் போக வேண்டும் என்று யார் சொன்னது?

இன்னொன்றும் கண்ணில் பட்டது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. வானத்தின் இடது மூலையில் ஒரு பகுதி மட்டும் வேறு மாதிரி மின்னுகிறது. நிறம் மாறவில்லை. துணியைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துத் தைத்திருக்கிறாய், அதனால் பெருக்கல் குறியின் மேல்நூல் சாயும் திசை மாறிவிட்டது. பருத்தி நூலுக்கு மினுக்கு உண்டு, திசை மாறினால் வெளிச்சம் வேறு விதமாகப் பட்டுத் தெறிக்கும். பாறையில் என்றால் விட்டுவிடு என்பேன், யாருக்கும் தெரியாது. வெறும் வானத்தில் தெரியும். அதிகம் இல்லை, பிரித்துவிடு. கத்தரிக்கோலால் பின்பக்கத்திலிருந்து வெட்டி, இடுக்கியால் இழை இழையாக எடு. இனிமேல் துணியின் மேல் ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் முடிச்சைப் போட்டு வை, எது மேல் பக்கம் என்று அது சொல்லும்.

நூல் பாதியிலேயே முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுகிறது என்றும் எழுதியிருந்தாய். ஆறு இழை நூலிலிருந்து இரண்டை ஒன்றாகச் சேர்த்து இழுக்கிறாய் போலிருக்கிறது. ஒவ்வொன்றாக உருவு, பிறகு இரண்டையும் அருகருகே வைத்துச் சேர். நீளம் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை போதும். தைத்துக்கொண்டிருக்கும்போதே அவ்வப்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் வட்டச் சட்டத்தைக் கவிழ்த்து ஊசியைத் தொங்கவிடு, அது தானாகச் சுழன்று முறுக்கைப் பிரித்துக்கொள்ளும். தொடக்கத்திலும் முடிச்சு வேண்டாம். ஓர் இழையை இரட்டை நீளத்துக்கு எடுத்துப் பாதியில் மடி. இரண்டு நுனிகளையும் ஊசிக்காதில் கோத்தால் மறுமுனையில் ஒரு வளையம் நிற்கும். முதல் துளையில் மேலே வந்து, குறுக்கே உள்ள துளையில் கீழே இறங்கி, பின்னால் காத்திருக்கும் அந்த வளையத்துக்குள் ஊசியை நுழைத்து இழு. முடிச்சே இல்லாமல் பூட்டிக்கொள்ளும். இரண்டு, நாலு என்று இரட்டைப்படையில் இழைகள் வரும்போது மட்டும்தான் இது ஆகும், ஒற்றை இழைக்கு ஆகாது.

இனி நீ ஆசைப்படும் புதிய தையலுக்கு வருகிறேன். பூவும் கொடியுமாகக் கைப் பூத்தையல் படிக்க வேண்டும் என்கிறாய். நேராக அதில் குதிக்காமல், நடுவில் ஒரு படி வை என்பது என் எண்ணம். இத்தனை நாள் நீ பழகியிருப்பது எண்ணித் தைப்பது. துளை எங்கே என்று துணி சொல்கிறது, நிறம் என்ன என்று வரைபடம் சொல்கிறது. பூத்தையலில் இரண்டுமே கிடையாது. இலையின் ஓரத்தில் தையல் எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்வு, எல்லாம் நீதான் முடிவு செய்ய வேண்டும். எண்ணிப் பழகிய கைக்கு அந்தச் சுதந்திரம் முதலில் எரிச்சலாக இருக்கும்.

நடுப்படி என்று நான் சொல்வது கருப்பு நூல் கோட்டு வேலை. நானே இப்போது அதைத்தான் கற்றுக்கொண்டிருக்கிறேன். டி.எம்.சி. நிறுவனத்தின் 310-ஆம் எண் கருப்பு நூலும் வெள்ளைத் துணியும் போதும். ஒன்றுவிட்டு ஒன்றாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு கோட்டின் கடைசிவரை போக வேண்டும், அதே வழியாகத் திரும்பி வந்து விட்ட இடைவெளிகளை நிரப்ப வேண்டும். முடிந்தால் முன்னும் பின்னும் ஒரே கோடு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அரசவையில் ஓவியராக இருந்த இளைய ஹான்ஸ் ஹோல்பைன் தன் படங்களில் சட்டைக் கழுத்தையும் மணிக்கட்டு விளிம்பையும் அவ்வளவு நுணுக்கமாக வரைந்துவைத்ததால், இந்தத் தையலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அரசி ஜேன் சீமோரின் படத்தைத் தேடிப் பார், கைவிளிம்பில் தையலின் போக்கைக்கூடப் பின்தொடரலாம். கர்நாடகத்துக் கசூதித் தையல் வேலையில் கவந்தி என்பதும் இதே மாதிரி போய்த் திரும்பி வரும் போக்குவரத்துத் தையல்தான். அதில் மெந்தெ என்று ஒரு தையல் இருக்கிறது, அது நீ போடும் பெருக்கல் குறியேதான். ஆகவே உனக்குப் பாதி கசூதி ஏற்கெனவே தெரியும்!

இதில் ஒரே ஒரு சூட்சுமம். திரும்பி வரும்போது ஊசி முதலில் போட்ட நூலைக் குத்திப் பிளக்கக் கூடாது. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு முனையில் பழைய தையலுக்கு மேல் பக்கமாக வெளியே வா, மறு முனையில் அடுத்த தையலுக்குக் கீழ்ப் பக்கமாக உள்ளே போ. கடைசிவரை இதே ஒழுங்கு. அப்படிச் செய்தால் கோடு அச்சடித்த மாதிரி நேராக நிற்கும், மாற்றி மாற்றிச் செய்தால் பல்லுப் பல்லாகத் தெரியும். நான் தைப்பதை உன் அப்பா எட்டிப் பார்த்து, “நேற்றும் இதே இலைதானே?” என்கிறார். இதே இலைதான், கோடு நேராக வந்திருக்கிறதே, அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பூத்தையலுக்குப் போ. ஊசியை மாற்ற மறக்காதே. நீ ஐடாவில் பயன்படுத்தும் 24-ஆம் எண் ஊசிக்கு முனை மழுங்கல். நெருக்கமாக நெய்த துணியைக் குத்த அது உதவாது, கூர்முனை எம்பிராய்டரி ஊசி வேண்டும். எண் ஏற ஏற ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வை. காம்புத் தையலும் சங்கிலித் தையலும் ஒரு மாலையில் கைக்கு வந்துவிடும். இதழை நிரப்பும் தையல்தான் ஆளைச் சோதிக்கும். ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் போகப் போகச் சாய்வு கெட்டுவிடும், இதழின் நடுவில் முதல் தையலைப் போட்டு, அங்கிருந்து ஒரு பக்கம் முடித்து, பிறகு மறுபக்கம் வா. பிரெஞ்சு முடிச்சுக்கு ஊசியில் ஒன்றிரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம். சுற்றிய நூலை இடது கையால் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, வெளியே வந்த அதே துளையில் இறங்காமல் அதை ஒட்டி இறங்கு. அதே துளையில் இறங்கினால் முடிச்சு முழுவதும் பின்பக்கம் போய்விடும்.

இதையெல்லாம் எதில் பழகுவது? கலங்கரை விளக்கத்தில் கை வைக்காதே, புதிதாக ஒரு பெரிய படத்தையும் வாங்கிவிடாதே. கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு துணியை எடுத்து, அதில் ஒரு மூலையில் கருப்புக் கோடு, ஒரு மூலையில் இதழ், ஒரு வரிசை முடிச்சு என்று இஷ்டம்போல் போட்டுப் பார். அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. அச்சிட்ட வரைபடங்கள் பெருகாத காலத்தில் தையல்காரர்கள் இப்படித்தான் மாதிரித் துணி வைத்திருந்தார்கள், எந்தத் தையல் எப்படி என்று மறந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598 என்று ஆண்டைப் பொறித்துத் தைத்த மாதிரித் துணி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்டு பொறித்த பிரிட்டிஷ் மாதிரித் துணிகளில் அதுதான் மிகப் பழையது. சங்கிலித் தையலும் காஜாத் தையலும் முடிச்சுகளும் ஒரே துணியில் கிடக்கின்றன.

இந்தத் துணியில் பழகுவது எதுவும் வீணாகாது. உன் வரைபடத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாயா? பெருக்கல் குறிகள் எல்லாம் முடிந்த பிறகு கைப்பிடிக் கம்பிகளுக்கு, ஒவ்வொரு முறையும் பின்னோக்கிக் குத்திப் போடும் பின் தையலும், பறவைகளின் கண்ணுக்கு முடிச்சும் போடச் சொல்லியிருப்பதாக நீயே முன்பு ஒரு முறை சொன்னாய். அந்தக் கம்பிகளுக்குப் பின் தையலுக்குப் பதில் போக்குவரத்துத் தையல் போட்டால் பின்பக்கம் இன்னும் மெலிதாக வரும். ஐம்பதாயிரம் கட்டம் தைத்த துணியின் மேல் முதல் முடிச்சைப் போட்டுக் கற்றுக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்?

பின்பக்கம் அலங்கோலமாக இருக்கிறது, காட்ட வெட்கமாக இருக்கிறது என்றாய். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப் போகிற படத்துக்குப் பின்பக்கம் எப்படி இருந்தால் என்ன? முடிச்சு மேடாகத் துருத்தாமல், அடர்நிற நூல் வெற்றிடத்தைத் தாண்டி ஓடி முன்பக்கம் நிழலடிக்காமல் இருந்தால் போதும். இரண்டு பக்கமும் தெரியும் வேலையில்தான் அதற்கு மதிப்பு. நீலகிரித் தோடர் பெண்கள் எந்தக் கோடும் வரையாமல், இழைகளை எண்ணியே சிவப்பிலும் கருப்பிலும் தைக்கிறார்கள். நமக்குப் பின்பக்கமாகத் தெரியும் அந்த மேடுபள்ளமான பக்கத்தைத்தான் அவர்கள் விரும்புகிறார்களாம். அதையும் ஒரு நாள் முயன்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இப்போதைக்குக் கருப்புக் கோடே போதும்.

அடுத்த முறை படம் அனுப்பும்போது இடது மூலையைப் பிரித்துத் தைத்ததும் மாதிரித் துணியின் முதல் வரிசையும் இரண்டுமே வரட்டும். பின்பக்கமும்தான். என்னிடம் என்ன வெட்கம்?

அன்புடன்,
அம்மா

பி.கு.: இரவு படுக்கப் போகும் முன் வட்டச் சட்டத்தைக் கழற்றிவிடு, வட்டத் தழும்பு விழுந்தால் போக்குவது பெரும்பாடு. ஊசியையும் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போகாதே, வானத்தில் துருக்கறை பட்டால் எந்த நீலத்தாலும் மறைக்க முடியாது.