தோப்புக்கு ஒரு டீசல் புல்லட்

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள ராமசாமிக்கு,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. பேரன் பிறந்த செய்தியைப் படித்ததும் வீட்டில் ஒரே சந்தோஷம். தை பிறந்ததும் குழந்தையைப் பார்க்க ஆனைமலைக்கு வருகிறோம். இங்கே பட்டறையை இப்போது முழுக்க மகன்தான் கவனிக்கிறான். காலையில் போய் லேத் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால்தான் எனக்கு அன்றைய சோறு இறங்குகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தோட்டத்துச் சாளையில் கிடக்கும் அப்பாவின் புல்லட்டில், பம்புசெட்டிலிருந்து கழற்றிய லம்பார்டினி டீசல் எஞ்சினைப் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் பூட்டலாம். ஆனால் அப்பா ஓட்டிய வண்டியின் சட்டத்தை எங்கேயும் அறுக்கக் கூடாது, வெல்டிங் வைக்கக் கூடாது. என்ன செய்தாலும் போல்ட் போட்டுத்தான் செய்ய வேண்டும். என்றைக்காவது பழைய எஞ்சினைச் சரிசெய்து மறுபடி ஏற்ற வழி இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்கு நீ சம்மதித்தால் வேலையை நானே செய்து தருகிறேன்.

இது நம்மவர்களுக்குப் புதிய யோசனை இல்லை. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே டாரஸ் என்ற பெயரில் டீசல் புல்லட் செய்து விற்றார்கள். நீ வைத்திருக்கும் அதே இத்தாலிய வகை எஞ்சின்தான். இங்கே கிரீவ்ஸ் கம்பெனி தயாரித்தது. 325 சி.சி., ஆறரைக் குதிரைசக்தி. பெட்ரோல் புல்லட்டுக்குப் பதினெட்டு. வேகம் 65 கிலோமீட்டரோடு நின்றுவிடும். ஆனால் லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று பெயர் வாங்கியது. பால்காரர்களும் விவசாயிகளும் அதை விரும்பி வாங்கினார்கள். 2000 வாக்கில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அதன் காலம் முடிந்தது.

பழைய புல்லட்டில் எஞ்சின் தனி, கியர் பாக்ஸ் தனி. அதனால்தான் இந்த மாற்றமே சாத்தியமாகிறது. எஞ்சினை மட்டும் இறக்கிவிட்டு கிளட்சையும் கியர் பாக்ஸையும் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனி. அந்தச் சட்டத்துக்கு அடியில் தாங்கும் குழாய் கிடையாது. முன்குழாயையும் பின்பக்கத்தையும் இணைத்துப் பிடித்துக்கொண்டிருப்பதே எஞ்சின்தான். அதை எடுத்த பிறகு சட்டம் நடுவில் திறந்து நிற்கும். லம்பார்டினியோ தரையில் நான்கு போல்ட் போட்டு உட்கார வைக்கும் எஞ்சின். சட்டத்தின் பாரத்தைச் சுமக்க வார்த்ததில்லை. ஆகவே முன்குழாயின் முனையிலிருந்து கியர் பாக்ஸ் தகடு வரைக்கும் கனமான இரும்பில் ஒரு படுக்கை செய்ய வேண்டும். பாரத்தை அது தாங்கட்டும், எஞ்சின் அதன் மேல் உட்காரட்டும். இதில் இரும்பைக் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதே. ஒற்றை சிலிண்டர் டீசலின் அதிர்வு மெல்லிய தகட்டை விரிசல் விடவைத்துவிடும்.

அடுத்து, எஞ்சின் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார். வண்டியின் இடது பக்கம் நின்று பார்த்தால், முன்னால் ஓடும்போது சக்கரம் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். புல்லட்டின் கிளட்சும் இடது பக்கம்தான். எஞ்சின் தண்டை இடது பக்கம் வைத்தால் அதுவும் அப்படியே சுற்ற வேண்டும். மாறிச் சுற்றினால் முதல் கியரில் வண்டி பின்னால் போகும்.

நீ முன்னால் பெரிய ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) போட்டு வேகத்தைக் கூட்டலாம் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். கணக்கைப் பார். பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக உருளும். 65 கிலோமீட்டர் வேகத்தில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 520 சுற்று. எஞ்சின் தன் முழுச் சக்தியைக் கொடுப்பது 3600 சுற்றில். ஆக, டாப் கியரில் எஞ்சின் ஏழு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் அளவில் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினுக்குப் போட்ட பல்கணக்கே இதற்குக் கொஞ்சம் தூக்கல், அதாவது வேகத்துக்கு ஏற்றது, இழுவைக்கு இல்லை. அதையும் தூக்கினால் டாப் கியரில் இழுக்காமல் திணறும், சின்ன ஏற்றத்துக்கும் கியர் குறைக்க வேண்டிவரும். முன்னால் சின்ன ஸ்ப்ராக்கெட்டைப் போடு, எஞ்சின் சுகமாக ஓடட்டும்.

டேங்கில் இன்னொரு துளையும் வேண்டும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கசிந்து மிஞ்சுவது அந்த வழியாகத் திரும்பி வந்து சேரும். டேங்கைக் காலியாகவே விடாதே. குழாயில் காற்று புகுந்துவிட்டால் நடுவழியில் பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் பம்புசெட்டில் உனக்குப் பழகிய வேலைதான். கிளப்புவதும் அதே முறை: சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிப் பிடித்து, ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும் வரை சுற்றி, சட்டென்று லீவரை விட வேண்டும். முதலில் ஒரு வெண்புகை, பிறகு தனித்தனியாக நாலைந்து அடி, அதன் பிறகுதான் சத்தம் ஒன்றாகச் சேரும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே இந்த வேலையைச் செய்ய எனக்கு ஆசை. நிறுத்துவதற்குச் சாவி உதவாது, டீசலை அடைக்க ஒரு கம்பி இழுக்க வேண்டும். ஹெட்லைட்டுக்குத் தனியாக ஒரு டைனமோவும் பார்க்க வேண்டியிருக்கும்.

பணம் மிச்சமாகும் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடு. டாரஸ் விற்ற காலத்தில் டீசல் விலையை அரசு தாழ்த்தி வைத்திருந்தது. 2014இல் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. இப்போது பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்குப் பத்து ரூபாய் வித்தியாசம்கூட இல்லை. மைலேஜில் மிச்சம் உண்டு, ஆனால் தோப்புக்குள் ஓட்டும் வண்டியில் அது எத்தனை லிட்டர் வந்துவிடப் போகிறது?

தோப்புக்குள் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எஞ்சின் எண்ணும் எரிபொருளும் ஒன்று, வண்டியில் இருப்பது வேறு என்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரித்தவர் குறிப்பிட்டதை மாற்றி ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019இல் உறுதியாகச் சொல்லிவிட்டது. விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. ரோட்டில் டீசல் புல்லட் ஓட்டியே தீர வேண்டும் என்றால், ஆர்.சி.யில் டீசல் என்றே இருக்கும் ஒரு பழைய டாரஸைத் தேடி, ஆவணம் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. தேங்காய் மூட்டையும் உரமும் ஏற்றி உன் வரப்பிலும் தோப்பிலும் மட்டும் ஓட்டுவதென்றால் அப்பாவின் வண்டியே போதும்.

பழைய எஞ்சினை எடைக்குப் போட்டுவிடாதே. சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, சாக்கில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வை. நான் வரும்போது அதையும் பார்க்கிறேன். பிஸ்டன் மட்டும் இறுகிப் பிடித்திருந்தால், சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து ரீபோர் செய்து காப்பாற்றிவிடலாம்.

அதற்குள் லம்பார்டினியின் தகட்டில் இருக்கும் மாடல் எண்ணையும், தண்டின் விட்டத்தையும், அடியில் இருக்கும் நான்கு துளைகளின் இடைவெளியையும் அளந்து எழுதி அனுப்பு. காலிப்பர் இல்லையென்றால் ஒரு அட்டையை அடியில் வைத்துத் துளைகளைக் குறித்து அனுப்பினாலும் போதும். படுக்கையை இங்கேயே செய்து, வரும்போது காரில் கொண்டுவந்துவிடுகிறேன்.

அன்புடன்,
பழனிச்சாமி