கல்வெட்டு கேட்டால் திறப்பு விழா

ஆசிரியருக்கு வணக்கம்.

இணையத்தில் நமக்காகத் தேடித் தரும் மென்பொருள் முகவர்கள் பற்றி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர் பாட்டி மேஸ் 1994லேயே எழுதினார் (பெயர்தான் பாட்டி!). ஓய்வுபெற்ற நூலகரான நானும் ஆசைப்பட்டு, 'கல்வெட்டு' என்ற சொல் வரும் செய்திகளை எனக்கு அனுப்பும்படி இணையத்தில் அறிவிப்பு வைத்தேன். தினமும் காலையில் வருவதெல்லாம் அமைச்சர்கள் கல்வெட்டைத் திறந்துவைத்த சேதிதான்.

சரி, புதிய ஏஐ முகவரிடம் உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டைக் கேட்டேன். ராஜராஜன் காலம் என்று கூசாமல் சொன்னது. அது முதலாம் பராந்தகன் காலத்தது. 919, 921 ஆண்டுகள். திருத்தியதும் உடனே மன்னிப்புக் கேட்டது. எங்கே படித்தாய் என்றேன், அதற்குப் பதில் இல்லை. நூலகத்தில் நாங்கள் அலமாரி எண்ணோடுதான் புத்தகம் தருவோம். இவையும் மூலத்தைப் பக்கத்தோடு காட்டட்டும்.

ஓய்வுபெற்ற நூலகர்,
தென்காசி