லுட்டியன்ஸின் மற்றொரு கட்டடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்டியன்ஸ் என்றாலே நம்மவர்க்கு அவர் வடிவமைத்த புதுடெல்லிதான் நினைவுக்கு வருகிறது. அப்பணிக்காக அவர் 1912-இல் இந்தியா வருவதற்கு முந்தைய ஆண்டே, லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரில் அவர் வடிவமைத்த புனித யூதா ஆங்கிலிக்கன் ஆலயம் வழிபாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதைத் தங்கள் வாசகர்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஏழையரும் செல்வரும் அருகருகே வாழ வேண்டும் என்ற கனவோடு ஹென்ரியட்டா பார்னெட் அம்மையார் 1907-இல் தொடங்கிய அந்தப் புறநகரின் மேட்டுச் சதுக்கத்தில், ஏறத்தாழ 178 அடி உயரக் கூர்கோபுரத்துடன் நிற்கும் அவ்வாலயத்துக்கு, அம்மையாரின் கணவர் கிழக்கு லண்டனின் வைட்சேப்பலில் போதகராகப் பணியாற்றிய ஆலயத்தின் பெயரே இடப்பட்டது.

கோபுரத்தைவிட என்னை ஈர்ப்பது கூரைதான். நம் ஊர் ஓட்டு வீட்டின் தாழ்வாரம் போல அது செங்குத்தாகச் சரிந்து, தரையை நெருங்குமளவு இறங்கி வருகிறது. பேராலயத்தின் கம்பீரத்துக்குக் குடியிருப்பின் நெருக்கத்தைத் தருவது அந்தச் சரிவே. உள்ளே வால்டர் ஸ்டார்மர் பல ஆண்டுகள் உழைத்துத் தீட்டிய சுவரோவியங்கள் நிறைந்துள்ளன. முதல் உலகப் போரில் மாண்ட குதிரைகளுக்கும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வாயற்ற உயிர்களையும் மறவாத அந்த மனம் பெரிது.

மேற்கு முகப்பு 1935-இல்தான் நிறைவடைந்தது. கட்டடக்கலை பற்றிய தங்கள் பக்கங்களில் இத்தகைய புறநகர் ஆலயங்களுக்கும் இடமளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்