ஒரே மூச்சில் முடிகிற வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் நேர்காணலில் நாவலாசிரியர் ஒருவர், "பெரிய நாவலுக்கு நடுவே இளைப்பாறக் குழந்தைக் கதை எழுதுவேன். சின்னச் சின்ன வார்த்தைகள்தானே, ஒரே மூச்சில் முடிந்துவிடும்" என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த வரியைத் தனியே எடுத்துப் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழந்தைகளுக்கு எழுதி வருகிறேன். ஒரே மூச்சில் எழுதிய கதை என்னிடமும் உண்டு. பாட்டியின் மூக்குக்கண்ணாடியை உடைத்து ஒளித்துவைக்கும் சிறுவனின் கதை. எழுதிய அன்றே ஏழு வயதான என் அக்காள் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். முதல் பக்கம் முழுக்க மழையை வர்ணித்திருந்தேன். இரண்டாவது பத்தியிலேயே சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கிவிட்டாள். கண்ணாடி உடையும் இடம் வந்ததும்தான் அந்தக் கை நின்றது. முடிவில் அம்மா வந்து, கண்டுபிடித்து, மன்னித்து, எல்லாவற்றையும் சரிசெய்வாள். கேட்டு முடித்தவள், "அதுவரைக்கும் பாட்டி எப்படிப் படித்தாள்?" என்றாள். பாட்டியை நான் மறந்தே போயிருந்தேன்.

அதன் பிறகு ஆறு முறை திருத்தி எழுதினேன். மழை போயிற்று. கண்ணாடி உடையும் சத்தத்திலேயே கதை தொடங்கியது. அம்மாவையும் எடுத்துவிட்டேன், சிக்கலைப் பெரியவர்கள் வந்து அவிழ்த்தால் அந்தக் கதையில் குழந்தைக்கு என்ன வேலை? ஐந்தாவது பிரதியில்தான் அந்தச் சிறுவன் தினமும் பாட்டிக்குப் பேப்பர் வாசித்துக் காட்ட ஆரம்பித்தான். ஒன்பதாம் நாள் உடைந்த கண்ணாடியை அவள் மடியில் வைக்கிறான். அவ்வளவுதான். 'வருந்தினான்', 'வெட்கப்பட்டான்' என்று எழுதியிருந்த இடங்களை எல்லாம் அடித்தேன். உரக்க வாசித்து, மூச்சு வாங்கிய வாக்கியங்களை இரண்டாக்கினேன். குழந்தைக் கதைகள் பாதிக்கு மேல் காதால்தான் படிக்கப்படுகின்றன.

அதை ஒரு வார இதழ் வெளியிட்டது. கடைசியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது: 'ஆகவே குழந்தைகளே, தவறு செய்தால் மறைக்கக் கூடாது.' அக்காள் பேத்தி அந்த வரியில் விரலை வைத்து, "இது யார் பேசுவது?" என்று கேட்டாள். கதைக்குள் வெளியாள் ஒருவர் நுழைந்துவிட்டதை அவள் கண்டுகொண்டாள். நுழைத்தவருக்கு அது தெரியவில்லை.

நீங்கள் அப்படிச் செய்ததில்லை, மறுக்கவில்லை. ஆனால் விளம்பரம் வந்தால் உங்களிடமும் முதலில் சுருங்குவது சிறுவர் பக்கம்தான். போன ஆண்டு வந்த என் கதையில் நடுவே இரண்டு பத்திகளைக் காணோம். நாய்க்குட்டி தொலைந்தது அந்தப் பத்திகளில்தான். தொலையாத நாய்க்குட்டி கிடைத்துவிட்டது என்று அடுத்த வரியில் எல்லோரும் மகிழ்கிறார்கள். படமோ, கதையின் முடிவையே தலைப்புக்குப் பக்கத்தில் காட்டிவிட்டது. மதிப்புரைப் பகுதியில் குழந்தை நூலுக்கு நான்கு வரி கிடைத்தாலே அதிகம். அதில் இரண்டு வரி படங்களைப் பற்றி.

லூயிஸ் கரோல் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1862 ஜூலையில் படகில் போகும்போது அவர் சிறுமிகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைதான் 'ஆலிஸின் அற்புத உலகம்'. 1864இல் கைப்பட எழுதி, அந்தச் சிறுமிகளில் ஒருத்தியான ஆலிஸிடம் கொடுத்தார். அந்தப் பிரதியில் பைத்தியக்காரத் தேநீர் விருந்தும் இல்லை, சிரிப்பை மட்டும் விட்டுவிட்டு மறைகிற பூனையும் இல்லை. அச்சுக்காக விரித்து எழுதியபோதுதான் அவை வந்தன. புத்தகம் 1865இல் வெளியானது. அந்த நாவலாசிரியர் சின்ன வார்த்தைகளைச் சொன்னாரே, அமெரிக்கக் குழந்தை எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1960இல் வெறும் 50 வெவ்வேறு சொற்களை வைத்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஐம்பதுக்குள் நின்று ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும், அது இளைப்பாறலா என்று தெரியும்.

நேர்காணலுக்கு மறுப்பு வெளியிடும்படி நான் கேட்கவில்லை. சிறுவர் பக்கக் கதையை வெட்ட நேர்ந்தால், எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்து எத்தனை வரி போக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். எந்த வரிகள் என்பதை அரை மணி நேரத்தில் நானே குறித்து அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி