அக்காவின் மருந்தும் உன் வாழையும்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அக்கா மருந்தைத் தாங்கிக்கொள்கிறார் என்று படித்த பிறகுதான் நிம்மதி. சீட்டில் உள்ள பாக்லிடாக்சல் என்னவென்று கேட்டிருந்தாய். வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து யூ மரத்தின் பட்டையில் கண்டுபிடித்த புற்றுநோய் மருந்து அது. மெதுவாக வளரும் மரம், பட்டையை உரித்தால் பட்டுப்போகும். பட்டையிலும் மருந்து துளியூண்டுதான். இப்போது யூ மரத்துச் செல்களை எஃகுத் தொட்டியில், சத்துக் கரைசலில் வளர்த்தும் எடுக்கிறார்கள்.

எல்லாச் செடியும் இப்படி மசிவதில்லை. நம் நித்தியகல்யாணியைப் பார். ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் அதன் இலையில் இருக்கிறது. அதை உண்டாக்கும் வேலையை இலைக்குள் பலவகைச் செல்கள் பங்குபோட்டுச் செய்கின்றன. தொட்டியில் வளர்வது வெறும் செல் கூட்டம், இலை இல்லை. அதனால் மருந்துக்கு வேண்டிய வின்டோலின் என்ற ஒரு பாகம் அங்கே சரியாக உருவாவதில்லை. இலைக்காக இன்னும் வயலில்தான் பயிரிடுகிறார்கள். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம்!

சரி, உன் ஒரு ஏக்கருக்கு வருவோம். நீ நடப்போகும் திசு வளர்ப்பு வாழை, சிலர் நினைப்பதுபோல் 'ஊசி போட்ட கன்று' இல்லை. கிழங்கைச் சுற்றிலும் சீவிச் சீவி, குருத்து நுனியை மட்டும் எடுத்துக் குடுவையில் வைக்கிறோம். எங்கள் திசு வளர்ப்புக் கூடத்தில் பெண்கள் கத்தியை ஒவ்வொரு முறையும் சூடுகாட்டித்தான் வெட்டுவார்கள். ஒரு தும்மல் போதும், சில நாளில் குடுவைக்குள் பஞ்சுபோல் பூஞ்சை. வெட்டி மாற்ற மாற்றக் கன்று பெருகும். ஆசைப்பட்டு அளவு மீறினால் குட்டையும் கோணலுமாக வரும். வேர் விட்டதும் நிழல்வலையில் வைத்துப் பழக்கிய பிறகே உன் கைக்கு வரும்.

ஆறுக்கு ஆறடி என்றால் ஏக்கருக்குச் சுமார் 1,200 கன்று. ஜி-9 ரக வாழை எல்லாம் ஒன்றாகத் தார் தள்ளும், ஒன்றாக வெட்டலாம். அன்றைக்கு விலை விழுந்தால் மொத்தமும் விழும். அதனால் பாதியை இரண்டு மாதம் தள்ளி நடு. வைரஸ் சோதனைச் சான்று இல்லாத கன்றைத் தொடாதே. சோதித்த கன்றுக்கும் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் வராது என்றில்லை. அசுவினிப் பூச்சி அதைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து கொண்டுவந்துவிடும். நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி எடுத்துவிடு.

அப்புறம், அக்காவின் அடுத்த தவணை எப்போது என்று எழுது. நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
சேகர்