தோல் ஆசன வேலையில் நேர்ந்த குறைபாடுகள் பற்றிய புகார்

நல்லூர்,
யாழ்ப்பாணம்.

கிளை முகாமையாளர் அவர்கட்கு,
வாகன ஆசன வேலைப் பிரிவு,
யாழ்ப்பாணம்.

ஐயா,

விடயம்: 1958 மொறிஸ் மைனர் 1000 காருக்குத் தோலுறை இட்டதில் உள்ள குறைபாடுகளும், பழைய உறைகள் திருப்பித் தரப்படாமையும்

எனக்குச் சொந்தமான மேற்படி காரின் ஆசனங்களையும் கதவு உட்பலகைகளையும் கூரைச்சீலையையும் புதுப்பித்துத் தரும் வேலையை ஏற்றுக்கொண்ட தங்கள் கிளை, முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டு சென்ற ஆனி மாதக் கடைசியில் காரை என்னிடம் ஒப்படைத்தது. அதன்பின் தெரியவந்த குறைபாடுகளைத் தொலைபேசியிலும் நேரிலும் சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள், எதுவும் நடக்கவில்லை. ஆகவே இதை எழுத்தில் தருகிறேன். எழுத்திலேயே பதிலையும் எதிர்பார்க்கிறேன்.

முதலில், நாம் எதற்கு உடன்பட்டோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் கிளை கையொப்பமிட்டுத் தந்த மதிப்பீட்டுப் பத்திரத்தின்படி, முன்னாசனங்கள் இரண்டிலும் பின்னாசனத்திலும் உட்காரும் பகுதியும் முதுகு சாயும் பகுதியும் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள இயற்கையான மேற்படைத் தோலால் அமையவேண்டும்; பக்கங்களும் முதுகின் பின்புறமும் அதே நிற றெக்சினால் அமையலாம். இந்தப் பிரிவினையை நான் குறையாகச் சொல்லவில்லை. அக்கால ஆங்கிலேயக் கார்களில் உடல் படும் இடத்துக்குத் தோலும் படாத இடத்துக்கு றெக்சின் போன்ற செயற்கைத் தோலும் இடுவது வழக்கம். என்னுடைய காரும் தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வந்தது. ஆசனத்தில் வரிவரியாக மடித்துத் தைக்கும் வரிமடிப்புகளின் எண்ணிக்கையும் அகலமும் பழையபடி இருக்கவேண்டும் என்றும், பொலியெஸ்ரர் நூலால் தைக்கவேண்டும் என்றும், கழற்றிய உறைகள் யாவும் என்னிடம் திருப்பித் தரப்படவேண்டும் என்றும் அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மாட்டுத்தோல் வேண்டாம், றெக்சினே போதும் என்று எங்கள் வீட்டில் எழுந்த மறுப்பைச் சமாளித்தே நான் இந்த வேலைக்குச் சம்மதித்தேன் என்பதையும் தாங்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனென்றால், மேற்படைத் தோலுக்கான விலையைக் கொடுத்துவிட்டு அது அல்லாத ஒன்றை வாங்கியிருக்கிறேன் என்பதை இப்போது அந்த வீட்டில்தான் விளக்கவேண்டியிருக்கிறது.

ஓட்டுநர் ஆசனத்தின் வலப்பக்க விளிம்பில், அதாவது காரில் ஏறி இறங்கும்போது தொடை உராயும் இடத்தில், மேற்பூச்சு மெல்லிய தாளாக உரிந்து வருகிறது. நகத்தால் தூக்கினால் அது நீண்டு இழுபடுகிறது. அதன் கீழே தெரிவது நிறமற்ற, பஞ்சுபஞ்சான நார். ஆசனத்தைக் கழற்றி, உறை சட்டத்தோடு வளையங்களால் பிணைக்கப்பட்டுள்ள அடிப்பக்கத்தைப் பார்த்தபோது ஐயம் தீர்ந்தது. வெட்டு விளிம்பில் மேலே பிளாஸ்ரிக் படலமும் அதன் கீழ் நாரும் மட்டுமே இருக்கின்றன. மயிர்க்கண் தெரியும் இறுக்கமான மேற்படை எங்கும் இல்லை. தடித்த தோலைக் கிடையாகச் சீவி மேற்படையை வேறாக எடுத்த பின்னர் எஞ்சுகிற கீழ்ப்படையின் மேல் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்ரிக்கைப் பூசி, செயற்கையாக மயிர்க்கண் அச்சிட்டு விற்கப்படுவது இது. இதுவும் மாட்டிலிருந்து வந்ததுதான் என்று தங்கள் ஊழியர் ஒருவர் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குக் காட்டப்பட்ட மாதிரித்துண்டு இது அல்ல; பத்திரத்தில் எழுதப்பட்டதும் இது அல்ல.

இன்னும் வியப்பானது, பின்னாசனத்தில் இருப்பது உண்மையான மேற்படைத் தோல் என்பதே. மாதிரித்துண்டை அதனோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். நிறமும் மயிர்க்கண்ணும் மணமும் ஒத்துப்போகின்றன. அப்படியானால் சரியான தோல் தங்களிடம் இருந்திருக்கிறது, பின்னாசனத்தோடு அது முடிந்துபோக, முன்னாசனங்களுக்குக் கையில் அகப்பட்டதைக் கொண்டு சமாளித்திருக்கிறார்கள் என்றே கருதவேண்டியுள்ளது. வேறு விளக்கம் இருந்தால் அறிய விரும்புகிறேன். அந்த நல்ல தோலையும் வெட்டத் தெரிந்தவர் வெட்டவில்லை. முதுகுப்பக்கத் தோல் இறுக்கமானது, வயிற்றுப்பக்கத் தோல் இழுபடக்கூடியது என்பதால், பாரம் தாங்கும் பகுதிக்கு முதுகுப்பக்கத்தை எடுத்து, வயிற்றுப்பக்கத்தை மறைவான இடங்களுக்கு ஒதுக்குவது இத்தொழிலின் அரிச்சுவடி. என் காரின் பின்னாசனத்தில், இடப்பக்கம் உட்காரும் பகுதி வயிற்றுப்பக்கத் தோலால் ஆனது. அது இப்போதே தொய்ந்து சுருக்கம் விழுந்து கிடக்கிறது. வலப்பக்கமோ புதிதாகவே இருக்கிறது.

தையலைப் பற்றியும் சொல்லவேண்டும். வரிமடிப்புகளில் ஊசிக்குத்துகள் மிக நெருக்கமாக, ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் இடைவெளியில் விழுந்திருக்கின்றன. துணிக்கு இது உறுதியைத் தரலாம். தோலுக்கு இது கேடு. துணியில் ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு போகிறது, தோலிலோ ஒவ்வொரு குத்தும் ஒரு நிரந்தரத் துளை. துளைகள் நெருங்கினால் தபால் முத்திரைத் தாளைப்போல அந்தக் கோட்டிலேயே கிழியும். முன் இடப்பக்க ஆசனத்தில் மூன்றாவது வரிமடிப்பின் தொடக்கத்தில் அது கிழியத் தொடங்கிவிட்டது.

அடுத்தது, கண்ணுக்குத் தெரியாத உள்வேலை. எனக்கு மிகுந்த அதிர்ச்சியைத் தந்ததும் அதுவே. இந்தக் காரின் முன்னாசனங்களில் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குக் குறுக்கே ஒரு தடித்த றப்பர் விரிப்பு கொக்கிகளால் இழுத்து மாட்டப்பட்டிருந்தது. உட்காருபவரின் பாரத்தை வாங்கி வளைந்து கொடுத்தது அதுதான். அதன் மேலிருந்த திண்டு அதற்குத் துணை மட்டுமே. இப்போது அந்த றப்பர் விரிப்பு இல்லை. அதற்குப் பதிலாக ஓர் ஒட்டுப்பலகையை வெட்டிச் சட்டத்தின் மேல் திருகாணியால் இறுக்கி, அதன் மேல் மென்மையான ஸ்பொஞ்சை அடுக்கியிருக்கிறார்கள். உட்கார்ந்த முதல் நிமிடம் சுகமாகத்தான் இருக்கிறது. பலாலி வீதியில் கொஞ்சத் தூரம் போனதும் ஸ்பொஞ் அமுங்கிப் பலகை தெரிகிறது. ஆசனமும் பழைய உயரத்தைவிட உயர்ந்துவிட்டதால் என் தலை கூரைச்சீலையில் உரசுகிறது, ஸ்ரியரிங் வளையம் தொடையில் முட்டுகிறது, கிளச்சை முழுதாக அமுக்குவதற்குக் காலைச் சாய்த்து நீட்டவேண்டியிருக்கிறது. நான் அப்படியொன்றும் உயரமானவன் அல்ல. கார் ஓட்டும்போது கிளச் சரியாக எட்டாமல் இருப்பது அழகு பற்றிய முறைப்பாடு அல்ல, பாதுகாப்புப் பற்றியது என்பதைத் தாங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என நம்புகிறேன்.

பழைய றப்பர் நைந்திருந்தது என்று எனக்குச் சொல்லப்பட்டது. இருக்கலாம், றப்பர் காலப்போக்கில் இறுகி வெடிப்பது இயல்பு. ஆனால் மொறிஸ் மைனருக்கான இத்தகைய உதிரிப்பாகங்கள் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன, இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பலரும் தருவித்துக்கொள்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் என்னிடம் கேட்டிருந்தால் நானே தருவித்துத் தந்திருப்பேன். தவிரவும், பலகையில் காற்றோட்டத்துக்கு ஒரு துளைகூட இடப்படவில்லை. மாரி மழை தொடங்கி ஸ்பொஞ் ஈரத்தைப் பிடித்துக்கொண்டால், அது உலர வழியின்றிச் சட்டம் துருப்பிடிக்கும், தோலின் அடிப்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும்.

கதவு உட்பலகைகளில் கண்ணாடி ஏற்றும் கைபிடிக்கான துளை ஒன்று இடம்மாறி வெட்டப்பட்டிருக்கிறது. முன் இடக்கதவில் பசை உருகி மேலே கசிந்திருக்கிறது. இவை சிறு விடயங்கள், எளிதில் திருத்தலாம். கூரைச்சீலையை இழுத்து ஒட்டிய வேலை மிக நேர்த்தியானது என்பதையும் நியாயம் கருதிச் சொல்லவேண்டும். அதைச் செய்தவர் வயதில் மூத்த ஒரு தொழிலாளி என்று அறிந்தேன். ஆசன வேலையை ஏன் அவரிடம் கொடுக்கவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

இனிப் பழைய உறைகள். அவை எங்கே என்று கேட்டபோது, குப்பையோடு போயிருக்கும் என்று பதில் கிடைத்தது. ஐயா, மேலே சொன்ன குறைகள் எல்லாவற்றையும் பணத்தாலும் உழைப்பாலும் சரிசெய்யலாம். உறைகள் போனால் போனதுதான். ஓர் ஆசனத்துக்குப் புதிதாக உறை தைப்பவர் பழைய உறையின் தையலைப் பிரித்து, துண்டுகளைத் தட்டையாக விரித்து, அவற்றை அச்சாக வைத்தே தோலை வெட்டுகிறார். ஒவ்வொரு வரிமடிப்பும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஓரப் பைப்பிங் எந்த இடத்தில் வளைகிறது, எந்த விளிம்புக்கு எவ்வளவு தையலிடம் விடப்பட்டது என்பவை யாவும் அவற்றில்தான் இருந்தன. என்னுடைய காரில் இருந்தவை தொழிற்சாலையில் இட்ட முதலாவது உறைகள். இடையில் எவரும் கைவைத்ததில்லை. தங்கள் வேலையை நிராகரித்து நான் வேறொருவரிடம் போனாலும், அவருக்குக் கொடுக்க இப்போது என்னிடம் அச்சு இல்லை. திருப்பித் தரவேண்டும் என்று முற்கூட்டியே எழுதிக் கையொப்பம் வாங்கியதன் காரணம் இதுதான்.

தோல் உரிவதற்கு யாழ்ப்பாணத்து வெயிலும் உப்புக்காற்றுமே காரணம் என்று தங்கள் கிளையில் சொல்லப்பட்ட விளக்கத்துக்கும் அந்தப் பழைய உறைகளே மறுமொழி சொல்லியிருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவை இதே வெயிலிலும் இதே சோளகக் காற்றின் புழுதியிலும் இருந்தன. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடையாதிருந்தபோது, காபறேற்றருக்குள் சிறிதளவு பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் இந்தக் காரை ஓட்டினோம். மண்ணெண்ணெய்க் கைகளால் துடைக்கப்படாத இடம் அந்த ஆசனங்களில் இல்லை. 1995 ஐப்பசியில் போரினால் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குப் போனபோது அதே பின்னாசனம் மூட்டைகளையும் முதியவர்களையும் சுமந்து மழையில் நனைந்தது. அந்தத் தோல் சாயம் போனது, வறண்டது, வெடித்தது. ஒரு நாளும் உரியவில்லை. இயற்கையான தோல் பழுதடையும் விதம் அது. தாளாக உரிவது பூச்சு. வெயிலில் நிறுத்தும் காருக்கு எது பொருத்தமென்று தெரிந்து பரிந்துரைக்கவேண்டியது தொழில் தெரிந்தவரின் பொறுப்பாக இருக்க, வெயிலையே குற்றவாளியாக்குவது முறையல்ல.

உரிந்த இடத்துக்கு நிறம் தெளித்துத் தருவதாகத் தங்கள் கிளை முன்வந்ததை நான் ஏற்கவில்லை. உரிகிற பூச்சின் மேல் இடும் நிறம் அந்தப் பூச்சோடு சேர்ந்தே உரியும்.

எனவே தங்களிடம் நான் கேட்பது இது. தங்கள் பட்டறையிலும் களஞ்சியத்திலும் பழைய உறைகளைத் தேடுவித்து, கிடைப்பது ஒரு துண்டானாலும் எந்த நிலையிலிருந்தாலும் எனக்குத் தரவேண்டும். கிடைக்காவிட்டால் அதை எழுத்தில் தெரிவிக்கவேண்டும். முன்னாசனங்கள் இரண்டையும் மாதிரித்துண்டுக்கு இணையான மேற்படைத் தோலில் மீளச் செய்யவேண்டும். வெட்டுவதற்கு முன்னர் முழுத்தோலை எனக்குக் காட்டவேண்டும். ஒட்டுப்பலகையை அகற்றி, நான் தருவிக்கும் றப்பர் விரிப்பை மாட்டி, ஆசனத்தைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவரவேண்டும். விரிப்பின் விலையை நான் கொடுப்பேன். மாட்டும் கூலி தங்களுடையது. பின்னாசனத்தில் தொய்ந்த பகுதியை மட்டும் மாற்றினால் போதும். இவற்றைச் செய்ய இயலாதென்றால், முன்னாசனங்களுக்காக அறவிட்ட தொகையை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன். காரைப் பரிசோதிக்க விரும்பினால் ஆசன வேலை தெரிந்த ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள், அவர் முன்னிலையில் ஆசனங்களைக் கழற்றிக் காட்டுகிறேன். கூரைச்சீலை வேலை செய்தவரே வருவதாயின் மகிழ்ச்சி.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடவேண்டும். அந்தக் காலம் முடிவதற்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. ஆகவே இக்கடிதம் கிடைத்து பதினான்கு நாட்களுக்குள் தங்கள் பதில் வரவேண்டும். வராவிட்டால் மதிப்பீட்டுப் பத்திரம், பற்றுச்சீட்டு, படங்கள் ஆகியவற்றோடு இக்கடிதத்தின் பிரதியையும் சேர்த்து யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகார சபையின் அலுவலகத்தில் கையளிப்பேன். அவற்றின் பிரதிகளையும், ஓட்டுநர் ஆசனத்தின் அடிவிளிம்பிலிருந்து வெட்டியெடுத்த ஒரு சிறு துண்டையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
கார் உரிமையாளர்