வாயாடியின் 23 கேள்விகள்

அன்பு வாயாடிக்கு,

உங்கள் ஐடி பிரிவின் கோரிக்கைப் படிவங்களைப் பார்க்கச் சொல்லி நீ அனுப்பி மூன்று வாரமாகிறது. இதற்குள் மனசுக்குள் என்னென்ன வைதிருப்பாய் என்று தெரியும், எல்லாம் வாங்கிக்கொண்டேன். வீட்டில் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. ஊழியர்கள் லேப்டாப், ஃபோல்டர் அனுமதி எல்லாம் கேட்கப்போகிற அந்தக் கோரிக்கைத் தளத்தை அடுத்த திங்கள் திறக்கப் போகிறாய் என்று உங்கள் அலுவலகத்துக் குண்டூசி சொன்னாள். கேட்டதும் பகீரென்றது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஒரு லேப்டாப் கேட்க 23 கேள்வியா, டி? சிங்கப்பூரில் அரசாங்கம் கட்டித் தரும் வீவக வீட்டுக்கு விண்ணப்பிப்பதே சுலபம் போலிருக்கிறதே! எண்ணிப் பார்த்தேன். பெயர், பிரிவு, மேலாளர், செலவுக் கணக்கு, எந்த மாடி என்று 14 கேள்விக்கு விடை உங்கள் ஊழியர் பட்டியலிலேயே இருக்கிறது. ஆள் உள்நுழைந்ததுமே தானாக நிரம்ப வேண்டியவை அவை. ரேம் எவ்வளவு, பிராசசர் எது என்று இன்னும் மூன்று. அதற்குக் கணக்குப் பிரிவு அக்கா எப்படிப் பதில் சொல்வார்? "அலுவலக வேலை, வரைகலை, அடிக்கடி பயணம்" என்று மூன்று வகை வை. எந்த வகைக்கு எந்த மாடல் என்பது உங்கள் பாடு.

மிச்சம் ஆறு. அதில் ஒன்று அடையாள அட்டை எண்! இன்றைக்கே எடுத்துவிடு. சட்டம் கேட்டாலோ, ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்வது அவசியமானாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் இங்கே நடப்பிலிருக்கிற விதி. மத்திய சேமநிதி கட்டுவதற்கு மனிதவளப் பிரிவிடம் அது இருக்கட்டும், மவுஸ் கேட்பவரிடம் எதற்கு? டிக்கெட்டில், அதாவது ஒவ்வொரு கோரிக்கைக்கும் தளம் திறக்கிற பதிவில், எழுதியது அங்கேயே நிற்காது. உதவி மேசையில் எல்லார் கண்ணிலும் படும், அறிவிப்பு மின்னஞ்சலில் நகலாகப் போகும். பிறகு அழிக்க நினைத்தாலும் எங்கெங்கே இருக்கிறதென்று தெரியாது.

ஆக ஐந்துதான்: யாருக்காக, எந்த வகை, என்றைக்குத் தேவை, எங்கே கொடுக்க, எதற்காக. 'யாருக்காக' என்பதை மட்டும் விட்டுவிடாதே. செயலாளர்கள் மற்றவர்களுக்காகக் கேட்பார்கள். அந்தக் கட்டம் இல்லையென்றால் லேப்டாப் செயலாளர் பெயரில் பதிவாகி, சொத்துக் கணக்கு முதல் நாளே கோணலாகிவிடும்.

அப்புறம் அந்த ஒற்றை "ஐடி உதவி" பொத்தான். கெட்டுப்போனது வேறு, வேண்டும் என்பது வேறு. ஐடி சேவையை நடத்துவதற்கான வழிகாட்டிகளான ஐடில் (ITIL) நூல்களே 2007 பதிப்பில்தான் இரண்டையும் தனித்தனிச் செயல்முறையாகப் பிரித்தன, அதுவரை கோரிக்கையும் கோளாறோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கோளாறுக்குச் சொன்ன நொடியிலிருந்து கடிகாரம் ஓட வேண்டும். கோரிக்கைக்கோ, ஒப்புதல் கிடைத்த பிறகுதான் உங்கள் ஆட்களின் கடிகாரம் ஓட வேண்டும். ஒரே வரிசையில் போட்டால் மேலாளர் தூங்கிய மூன்று நாளும் உங்கள் தாமதமாகக் கணக்கில் ஏறும். கடிகாரத்துக்கு நாள்காட்டியையும் சொல்லிக் கொடு: சீனப் புத்தாண்டு இரண்டு நாள், பொது விடுமுறை ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் அடுத்த வேலைநாள். ஒவ்வோர் ஆண்டும் கையால் ஏற்றுகிற வேலை இது, யாராவது ஒருவர் பெயரில் எழுதி வை.

பட்டியலில் 60 பொருள் வைத்திருக்கிறாய். வேண்டாம். கடைசி மூன்று மாத மின்னஞ்சலையும், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நீ சாதிக்கிற அந்த வாட்ஸ்அப் குழுவையும் திறந்து, எது எத்தனை முறை வந்தது என்று கோடு போட்டு எண்ணு. மேலே வரும் பத்துப் பன்னிரண்டோடு திற. ஊழியர் வாயில் வருகிற பெயரையே வை. பொது மின்னஞ்சல் பெட்டி வேண்டுமென்றால் "ஷேர்டு மெயில்பாக்ஸ் புரவிஷனிங்" என்று தேட யாருக்கும் தோன்றாது.

ஒப்புதல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. மேலாளர் யார் என்பதை ஊழியர் பட்டியலிலிருந்து எடுக்கிறாய், சரி. அந்த இடம் காலியாக இருக்கிற கணக்குகளையும், வேலையை விட்டுப் போனவர் பெயர் நிற்கிற கணக்குகளையும் இந்த வாரமே தேடி எடு. அவை ஒவ்வொன்றும் கேட்பாரற்றுத் தொங்கப் போகிற ஒரு டிக்கெட். இரண்டு வேலைநாளில் பதில் இல்லையென்றால் மாற்று ஆளுக்குப் போகட்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் விதியை மட்டும் வைத்துவிடாதே. மவுஸ், ஹெட்செட் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு ஒப்புதலே வேண்டாம். நிதிப் பிரிவோடு பேசி ஒரு தொகையை வரம்பாக வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே உள்ளதை நேராகக் கொடுத்துவிடு.

சரி, இனி சிரிக்கிற விஷயமில்லை. ஃபோல்டர் அனுமதிக்கான உன் படிவத்தில் நான்காவது கேள்வி: "யாருக்கு இருப்பது போன்ற அனுமதி வேண்டும்?"

இது எவ்வளவு வசதி என்று புரிகிறது. கேட்பவருக்குச் சுலபம், செய்பவருக்கு அதைவிடச் சுலபம். ஆனால் ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிற ஒருவரை நினைத்துப் பார். முதலில் சம்பளப் பிரிவு, பிறகு கொள்முதல், இப்போது கிடங்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் புதுச் சாவி வந்தது, பழைய சாவியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. நேற்று கிடங்கில் சேர்ந்த பையன் "அக்காவுக்கு இருப்பது மாதிரி" என்று எழுதுகிறான். சம்பள ஃபோல்டரும் சேர்ந்தே அவன் கைக்குப் போகிறது. மேலாளர் எப்படி ஒப்புதல் கொடுத்தார்? அவர் திரையில் அக்கா பெயர் மட்டும்தான் தெரிந்தது, அக்கா வைத்திருக்கும் சாவிக்கொத்து தெரியவில்லை. அக்காமேல் தப்பில்லை, பையன்மேல் தப்பில்லை, தப்பு அந்த ஒரு வரியில்.

அதற்குப் பதில் இப்படிச் செய். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓர் உரிமையாளர். ஐடி ஆள் இல்லை, அந்தத் தகவல் யாருடையதோ அவர். ஒப்புதல் மேலாளரிடம் நிற்காமல் அவரிடமும் போகட்டும். ஒரு ஃபோல்டருக்கு இரண்டே குழு: படிக்க ஒன்று, திருத்த ஒன்று. தனி ஆள் பெயரை ஃபோல்டரில் நேராகச் சேர்க்கவே கூடாது, சேர்த்தால் பிறகு கண்டுபிடிக்க முடியாது. கிடங்கு எழுத்தர் என்றால் இன்னின்ன குழுக்கள் என்று வேலைக்கேற்ற கட்டு ஒன்றைத் தயார் செய்து வை. ஒருவர் பிரிவு மாறினால் பழைய கட்டை எடுத்த பிறகுதான் அந்த டிக்கெட்டை மூட முடியும் என்று விதி வை.

எல்லாவற்றுக்கும் மேல், முடிகிற தேதி. ஒப்பந்த ஊழியருக்கு ஒப்பந்தம் முடியும் நாள், திட்ட வேலைக்கு 90 நாள். காலியாக விட முடியாத கட்டமாக அதை வை. டிக்கெட் மென்பொருளான ஜிராவில் தினமும் காலை எட்டு மணிக்கு ஓடுகிற தானியங்கி விதி ஒன்றை எழுதி, இன்னும் 14 நாளில் முடிகிறவற்றைப் பிடித்து "தொடரட்டுமா?" என்று உரிமையாளருக்குப் புது டிக்கெட் திறக்கச் சொல். பதில் வராவிட்டால் அனுமதி ரத்தாகட்டும். உங்களுடையது நிதி நிறுவனம் இல்லை, சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் 2021 தொழில்நுட்ப இடர் வழிகாட்டி உங்களுக்காக எழுதியதில்லை. ஆனாலும் யாருக்கு என்ன அனுமதி இருக்கிறது என்று அவ்வப்போது உட்கார்ந்து சரிபார்க்கச் சொல்கிறதே, அந்தப் பழக்கத்தைக் கடன் வாங்கிக்கொள்.

புதிதாகச் சேர்பவருக்கு ஒரே தாய் டிக்கெட், அதற்குக் கீழே பிள்ளைகள். உள்நுழைவுக் கணக்குதான் முதல் பிள்ளை. அது இல்லாமல் மென்பொருள் உரிமமும் கொடுக்க முடியாது, லேப்டாப்பையும் ஆள் பெயரில் பதிய முடியாது. வெளிநாட்டு ஊழியரின் வேலை அனுமதி தள்ளிப்போனால் சேரும் தேதியும் தள்ளிப்போகும். மனிதவளப் பிரிவு ஓரிடத்தில் தேதியை மாற்றினால் பிள்ளைகள் எல்லாவற்றிலும் மாற வேண்டும். விலகுபவருக்கு இரண்டு வாரம் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லாதபோது, 26 வாரத்துக்குக் குறைவாக வேலை செய்தவர் வேலை நியமனச் சட்டப்படி ஒரே நாள் முன்னறிவிப்பில் போகலாம். அந்த ஒரு நாளுக்குள் வேலை முடியுமா என்று ஓட்டிப் பார். கணக்கை முடக்கு, அழிக்காதே. மைக்ரோசாஃப்ட் 365-இல் அழித்த கணக்கை 30 நாளுக்குள்தான் மீட்க முடியும்.

உங்கள் நிறுவனப் பெரியவர் வாட்ஸ்அப்பில்தான் கேட்பார், அவரைத் திருத்த உன்னால் ஆகாது. செய்து கொடு, ஆனால் உன் ஆளே 'யாருக்காக' கட்டத்தில் அவர் பெயரைப் போட்டு டிக்கெட் திறக்கட்டும்.

திங்கட்கிழமையை இரண்டு வாரம் தள்ளிப்போடு. முதலில் ஒரே ஒரு பிரிவுக்குத் திற. குண்டூசியின் பிரிவு சரியாக இருக்கும், அவள் குறை சொல்லாமல் விடமாட்டாள். சனிக்கிழமை தேக்காவுக்குப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு வா. கோப்பி உன் செலவு.

உன்
கணக்குப்பிள்ளை

பி.கு: திரை கேட்பவருக்குக் கம்பியும் சேர்த்தே போகட்டும், அதுவும் உன் கையால் சோதித்த கம்பி. யுஎஸ்பி-சி முனை பொருந்திவிட்டால் படம் வரும் என்று நம்பாதே. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கம்பிகளும் அதே முகத்தோடுதான் இருக்கும். லேப்டாப்பின் சில துளைகளும்கூடப் படம் அனுப்பாது. "திரை கெட்டுவிட்டது" என்று வரப்போகிற டிக்கெட்டுகளில் பாதியை இந்தக் கம்பிதான் கொண்டுவரும்.